வீட்டு இணையத்தை வேகப்படுத்த எதில் கைவைப்பது? கணினி அமைப்புகளும் பிற வழிகளும்: ஓர் ஒப்பீடு

வினாடிக்கு 100 மெகாபிட் வேகத் திட்டத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டியும் இணைய வகுப்பில் ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, ஒரு பக்கம் திறக்கவே நேரமாகிறது என்றால், பலரும் முதலில் கைவைப்பது கணினியின் அமைப்புகளில்தான். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சில எண்களை மாற்றுவது, தளப் பெயரை எண் முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றுவது, பின்னணியில் ஓடும் செயலிகளைக் கட்டுப்படுத்துவது, வைஃபை அலைவரிசையை மாற்றுவது, லேன் கேபிள் இழுப்பது, ரூட்டரில் தரவு வரிசையை ஒழுங்குபடுத்துவது என்று வழிகள் பல உண்டு. இவை எல்லாம் சம மதிப்புடையவை போல ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைக்கப்படுவதால், பயன் மிகக் குறைந்த வேலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழிந்து, பயன் மிகுந்த வேலை செய்யப்படாமலே போகிறது. விண்டோஸ் 10 அல்லது 11 இயங்கும் கணினியும் ஃபைபர் இணைப்பும் உள்ள ஒரு வீட்டை மனத்தில் கொண்டு இவ்வழிகளை எடைபோட்டால், கணினிக்குள் மாற்றக்கூடிய நெட்வொர்க் எண்களால் இன்று கிடைப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை. கணினிக்கும் ரூட்டருக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரமும், ஒரே இணைப்பை வீட்டார் பகிர்ந்துகொள்ளும் விதமுமே பெரும்பாலும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. இதுவே என் உறுதியான கருத்து.

எந்த வழி பொருந்தும் என்பது எந்த வகையான மந்தம் என்பதைப் பொறுத்தது. திட்டத்தின் வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. பிரவுசரோ பதிவிறக்கத்தை மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பால் வினாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் தர இயலாது. பெரிய கோப்பு ஒன்று 11 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் இணைப்பு தன் முழுத் திறனில் இயங்குகிறது. அந்த வீட்டில் வேகத்தைக் கூட்டுவதற்கு எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. அப்படியிருந்தும் வீடியோ அழைப்பு தடைபடுகிறதென்றால் குறை கொள்ளளவில் இல்லை, தரவு போய்த் திரும்ப ஆகும் தாமதத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

தாமதம் எங்கே உண்டாகிறது என்பதைக் கண்டறிய செலவில்லாத முறை ஒன்று உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரங்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சிறு செய்தி) அனுப்பிக்கொண்டே வழக்கமான வேலைகளைச் செய்ய வேண்டும். ரூட்டரிடமிருந்து வரும் பதிலே 2 மில்லி வினாடியிலிருந்து திடீரென 80, 150 என்று தாவினால் கோளாறு வீட்டுக்குள், அதாவது வைஃபையில் இருக்கிறது. ரூட்டரின் பதில் சீராக இருந்து வெளி முகவரியின் பதில் மட்டும் ஏறி இறங்கினால், ரூட்டரிலிருந்து வெளியே செல்லும் வழியில் நெரிசல் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்த அமைப்பையும் மாற்றத் தொடங்குவது வீண்.

இனி, மிகப் பரவலாகச் சொல்லப்படும் வழியான டிசிபி (இணையத்தில் தரவைப் பிசகின்றிக் கொண்டுசேர்க்கும் விதிமுறை) மற்றும் ரெஜிஸ்ட்ரி மாற்றங்களைப் பார்ப்போம். இவை அடிப்படையற்றவை அல்ல. ஒரு காலத்தில் நியாயமான காரணத்தோடு பிறந்தவை. டிசிபி முறையில், பெறும் கணினியின் ஒப்புதல் வந்து சேருமுன் அனுப்பும் கணினி எவ்வளவு தரவை அனுப்பிவைக்கலாம் என்பதற்கு ரிசீவ் விண்டோ என்னும் வரம்பு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி சாதாரண வீட்டு இணைப்புகளுக்கு இந்த வரம்பை 17,520 பைட் அளவில் வைத்திருந்தது. அமெரிக்காவிலுள்ள ஒரு சர்வருக்குத் தரவு போய்த் திரும்ப 200 மில்லி வினாடி ஆகிறது என்று கொண்டால், அந்த வரம்போடு ஓர் இணைப்பில் வினாடிக்குச் சுமார் 0.7 மெகாபிட்டுக்கு மேல் பெற முடியாது. இணைப்பு 5 மெகாபிட் தாங்கக்கூடியதாக இருந்தாலும் மிச்சமுள்ள இடம் வெறுமனே கிடக்கும். ஆகவே அன்று ரெஜிஸ்ட்ரியில் அந்த எண்ணை உயர்த்தியவர்களுக்கு உண்மையாகவே பலன் கிடைத்தது.

ஆனால் அதே காலத்தில் இந்தியாவின் நிலை வேறு. 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதைப் பிராட்பேண்ட் என்று ஏற்றுக்கொண்டது. 256 கிலோபிட் இணைப்பு உள்ளவருக்கு எக்ஸ்பியின் இயல்பான வரம்பே அவருடைய இணைப்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. அதை உயர்த்துவதால் அவருக்கு எதுவும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. பல மெகாபிட் கேபிள் இணைப்பு பெற்றிருந்த வெளிநாட்டுப் பயனாளர்களுக்கான குறிப்புகள் இங்கே அப்படியே பின்பற்றப்பட்டன.

2007இல் வெளியான விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த வேலையை இயங்குதளமே ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு இணைப்பின் வேகத்தையும் தூரத்தையும் பார்த்து, வரம்பைத் தேவைக்கேற்பப் பல மெகாபைட் வரை அது தானே உயர்த்திக்கொள்கிறது. தொடக்க ஆண்டுகளில் சில பழைய ரூட்டர்களும் ஃபயர்வால்களும் இந்தப் பெரிய வரம்பைப் புரிந்துகொள்ளாமல் இணைப்பைக் குழப்பியதால், ஆட்டோடியூனிங் எனப்படும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்ற ஆலோசனை பரவியது. அந்த ரூட்டர்கள் மறைந்து நெடுநாளாகியும் ஆலோசனை மறையவில்லை.

அதைப் பின்பற்றுவதால் வரும் கேடு கணக்கில் தெளிவாகத் தெரியும். அணைத்தவுடன் வரம்பு 65,535 பைட்டுக்கு இறங்கிவிடும். 200 மில்லி வினாடி தொலைவிலுள்ள சர்வரிலிருந்து ஓர் இணைப்பில் வினாடிக்கு 2.6 மெகாபிட்டுக்கு மேல் வராது. வேதனை என்னவென்றால், ஸ்பீடு டெஸ்ட் இதைக் காட்டிக்கொடுக்காது: சோதனை சர்வர் அதே நகரத்தில் 5 மில்லி வினாடி தொலைவில் இருந்தால், அதே சிறிய வரம்பிலேயே 100 மெகாபிட் கிடைத்துவிடும். சோதனையில் முழு வேகம், தொலைதூரப் பதிவிறக்கத்தில் ஆமை வேகம் என்ற புதிரில் மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் கணினியில் இந்த அமைப்பைப் பார்ப்பது நல்லது. கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஷ் என்ற நெட்வொர்க் அமைப்புக் கட்டளையின் மூலம் டிசிபியின் பொது அமைப்புகளைக் காட்டச் சொன்னால், ரிசீவ் விண்டோ ஆட்டோடியூனிங் லெவல் என்ற வரியில் நார்மல் என்று இருக்க வேண்டும். டிசேபிள்டு என்றோ ஹைலி ரெஸ்ட்ரிக்டட் என்றோ இருந்தால், எப்போதோ நிறுவிய ஏதோ ஒரு வேகமூட்டி மென்பொருள் அதை மாற்றியிருக்கக்கூடும். மீண்டும் நார்மல் ஆக்கிவிட வேண்டும். டிசிபி அமைப்புகளில் நான் பரிந்துரைக்கும் ஒரே வேலை இதுதான்.

விண்டோஸ் 20 விழுக்காடு வேகத்தைத் தனக்கென ஒதுக்கிவைத்திருக்கிறது, குரூப் பாலிசி என்ற விண்டோஸ் நிர்வாகக் கருவியில் அதைப் பூஜ்யமாக்கினால் வேகம் கூடும் என்ற கூற்றும் எக்ஸ்பி காலத்திலிருந்தே உலவுகிறது. முன்னுரிமை கேட்கும் நிரல் ஏதேனும் இயங்கும்போது மட்டுமே அந்த ஒதுக்கீடு பொருந்தும் என்றும், அந்த நிரல் பயன்படுத்தாத பகுதியை மற்ற நிரல்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் மைக்ரோசாஃப்ட் அப்போதே விளக்கிவிட்டது. விண்டோஸின் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி கருவியே கிடையாது. அதை வரவழைப்பதற்காக அறிமுகமில்லாத தளங்களிலிருந்து கோப்புகளை இறக்கி இயக்குவது, இல்லாத குறைக்கு ஆபத்தான வைத்தியம்.

டிஎன்எஸ் மாற்றம் இதைவிட மேலானது. ஆனால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். ஒரு தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருவது மட்டுமே டிஎன்எஸ்ஸின் பணி. முகவரி கிடைத்த பிறகு தரவு வரும் பாதையில் அதற்கு வேலை இல்லை; எனவே பதிவிறக்க வேகம் இதனால் நேரடியாகக் கூடாது. இணைய சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் மாலை நேரங்களில் பதிலளிக்கத் திணறினால், ஒவ்வொரு புதிய தளமும் திறக்குமுன் ஓரிரு வினாடி வெறுமையாக நிற்கும். திறக்கத் தொடங்கிய பின் சரளமாக வரும். இந்த அறிகுறி இருந்தால், 2009இல் கூகுள் தொடங்கிய 8.8.8.8, 2018இல் கிளவுட்ஃப்ளேர் தொடங்கிய 1.1.1.1 போன்ற பொதுச் சேவைகளில் ஒன்றுக்கு மாறுவது நல்ல முடிவு. மாற்றத்தை ரூட்டரில் செய்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே தடவையில் முடிந்துவிடும்.

ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. பெரிய வீடியோ நிறுவனங்கள் பயனாளருக்கு அருகிலுள்ள தங்கள் சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது, கேள்வி எந்த டிஎன்எஸ் வழியாக வந்தது என்பதையும் பார்ப்பது உண்டு. 1.1.1.1 சேவை தனியுரிமையைக் கருதிக் கேட்பவரின் நெட்வொர்க் விவரத்தை அனுப்புவதில்லை. ஆதலால் அரிதாகச் சில இடங்களில், டிஎன்எஸ் மாற்றிய பின் பக்கங்கள் விரைவாகத் திறந்தும் வீடியோ சற்றுத் தொலைவான சர்வரிலிருந்து வந்து மந்தமாகலாம். மாற்றிய பின் இரண்டு மூன்று மாலைகள் கவனித்துவிட்டு வைத்துக்கொள்வதா, திரும்புவதா என்று முடிவெடுக்கலாம், திரும்புவதும் எளிது.

ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியுவை மாற்றுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு இணையும் பிபிபிஓஇ இணைப்புகளில் ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் கூடுதலாகச் சேர்வதால், 1500 என்ற வழக்கமான அளவு 1492 ஆகிறது. இதை ரூட்டர் தானே பார்த்துக்கொள்கிறது. சில தளங்கள் மட்டும் திறக்கவே மறுக்கின்றன என்றால் ஒழிய, கணினியில் இந்த எண்ணைத் தொட வேண்டாம்.

வைஃபைக்கு வந்தால் நிலைமை முற்றிலும் வேறு. இங்கே மாற்றத்தின் பலன் ஒன்றிரண்டு விழுக்காட்டில் இல்லை, மடங்குகளில் இருக்கிறது. நம் வீடுகளில் ஃபைபர் கம்பி நுழையும் இடமே ரூட்டரின் இடமாகிவிடுகிறது. பெரும்பாலும் வாசல் கதவுக்கு மேலே, அல்லது தொலைக்காட்சிக்குப் பின்னால். படிக்கும் அறையோ மாடியில், ஒரு கான்கிரீட் தளத்துக்கும் இரண்டு செங்கல் சுவர்களுக்கும் அப்பால் இருக்கும். அந்த அறையிலுள்ள கணினியில் நெட்ஷ் கட்டளையால் வைஃபை நிலவரத்தைக் கேட்டால், ரேடியோ டைப் 802.11என், சேனல் 6, சிக்னல் 45 விழுக்காடு, ரிசீவ் ரேட் 39 என்பது போன்ற வரிகள் வருவது வழக்கம். இதில் கவனிக்க வேண்டியது 39 என்ற எண். ரூட்டரும் கணினியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒப்புக்கொண்ட உச்ச வேகமே 39 மெகாபிட் என்பது அதன் பொருள். வைஃபையின் நிர்வாகச் செலவு போக, உண்மையில் கைக்குக் கிடைப்பது அதில் ஏறத்தாழப் பாதி. வெளியே 100 மெகாபிட் அல்ல, 300 மெகாபிட் திட்டமே வாங்கினாலும் அந்த அறைக்கு வந்து சேர்வது 20 மெகாபிட்தான். அதிக விலைத் திட்டத்துக்கு மாறுமுன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வைஃபைக்குள்ளேயே தேர்வுகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைக் கடந்து தூரம் செல்லும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றிலுமுள்ள வீடுகள் எல்லாம் அந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் கூட அங்கேதான் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் மிகுதி, அகலமும் மிகுதி. வைஃபை 6க்கு முந்தைய, ஒரே ஆன்டெனா கொண்ட கருவி 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பெறக்கூடிய உச்ச இணைப்பு வேகம் 72 மெகாபிட். 5இல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதுவே 433. ரூட்டர் உள்ள அறையிலும் அடுத்த அறையிலும் 5 கிகாஹெர்ட்ஸையே தேர்ந்தெடுக்க வேண்டும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி அது வலுவிழந்துவிடும் என்பதால், மாடியறைக்கு அதை நம்ப முடியாது.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கணினி தானாகத் தேர்ந்தெடுக்கும். அந்தத் தேர்வு எப்போதும் சரியாக இருப்பதில்லை. இங்கேதான் கணினி அமைப்பு ஒன்று உண்மையாகப் பயன்படுகிறது: டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் அட்வான்ஸ்டு பகுதியில், பல அடாப்டர்களில், விருப்ப அலைவரிசை என்ற தேர்வு இருக்கும். அதை 5 என்று வைத்துவிட்டு, மின்சேமிப்புக்காக அடாப்டரை அணைக்க அனுமதிக்கும் குறியையும் எடுத்துவிட்டால், பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் இடையிடையே வரும் தடங்கல்கள் பல நின்றுவிடக்கூடும்.

வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் கருவியை வாங்குவதை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். ஒரே ரேடியோ கொண்ட மலிவான ரிப்பீட்டர், வாங்கிய தரவை அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. சிக்னல் கோடுகள் நிறைவாகத் தெரியும், வேகம் இருக்காது.

இவை அனைத்தையும்விட லேன் கேபிள் மேல் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. கேட் 5இ தர கேபிள் 100 மீட்டர் வரை வினாடிக்கு 1 கிகாபிட் தாங்கும். எந்த வீட்டுக்கும் இந்த நீளம் தாராளம். சுவரும் அண்டை வீட்டாரின் ரூட்டரும் அதைத் தொட முடியாது, தாமதமும் ஒரு மில்லி வினாடிக்குள் அடங்கும். ஓர் இடத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்கும், இணைய வகுப்பு, தேர்வு எழுதும் பிள்ளைக்கும் இதற்கு இணையான முதலீடு வேறில்லை. கேபிள் இழுப்பவர் வேலையை முடித்ததும் ஒன்றைக் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும்: விண்டோஸில் ஈதர்நெட் பண்புகளில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா? கேபிளுக்குள் எட்டு கம்பிகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையில் ஜாக்கைக் கிரிம்ப் செய்யும்போது ஓரத்திலுள்ள பழுப்புக் கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் இணைப்பு வேலை செய்யும், யாருக்கும் குறை தெரியாது. ஆனால் வேகம் 100இல் நின்றுவிடும், பயன்பாட்டில் கிடைப்பது அதிகபட்சம் 94 மெகாபிட் அளவே. 200 அல்லது 300 மெகாபிட் திட்டத்தில் எப்போது சோதித்தாலும் 94 என்றே வருகிறதென்றால், அந்த ஜாக்கையோ, 100 மெகாபிட் போர்ட் மட்டுமே உள்ள பழைய ரூட்டரையோ பார்க்க வேண்டும்.

மிச்சமிருப்பது, ஒரே இணைப்பைப் பலர் பகிர்வதால் வரும் நெரிசல். ரூட்டரின் பிங் சீராக இருந்து வெளிப் பிங் மட்டும் ஏறும் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி பதிவேற்றம். வெளியூர் போய் வந்தவரின் கைபேசி வைஃபையைக் கண்டதும் நூற்றுக்கணக்கான படங்களைக் கிளவுடுக்கு அனுப்பத் தொடங்கும். அதே நேரத்தில் அடுத்த அறையில் வகுப்பு நடக்கும். பதிவேற்ற வேகம் 10 மெகாபிட் என்றும், ரூட்டர் 1 மெகாபைட் தரவைத் தன் வரிசையில் நிறுத்திவைக்கிறது என்றும் கொண்டால், வரிசையின் கடைசியில் சேரும் குரல் பொட்டலம் வெளியேற 0.8 வினாடி காத்திருக்க வேண்டும். பேச்சு அறுபடுவதற்கு அது போதும். பஃபர்ப்ளோட் என்று 2010 வாக்கில் கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் பெயரிட்ட குறை இது. இதற்குத் தீர்வாக நெட்வொர்க் ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டனர். பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்கும் நேரத்தை அளந்து, அது நீண்டுகொண்டே போனால் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புபவரைத் தானாக வேகம் குறைக்கச் செய்வது அதன் உத்தி.

இந்த முறையின் வழிவந்தவை ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருள் இயங்கும் ரூட்டர்களில் எஸ்கியூஎம் என்ற பெயரில் கிடைக்கின்றன. அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டை வரம்பாகக் கொடுத்தால், உச்ச வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்துத் தாமதத்தை வெகுவாகக் குறைக்கலாம். வீட்டில் நால்வர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்றால் இந்தப் பேரம் மிகவும் லாபகரமானது. சேவை நிறுவனங்கள் இலவசமாகத் தரும் ரூட்டர்களில் இவ்வசதி பெரும்பாலும் இல்லை. தனி ரூட்டர் வாங்கி அமைக்கும் பொறுமையும் வேண்டும்.

அது இயலாதவர்களுக்குக் கணினி அமைப்புகளே ஓரளவு கைகொடுக்கும். விண்டோஸ் அப்டேட் அமைப்புகளிலுள்ள டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற பக்கத்தில், அப்டேட் கோப்புகளை இணையத்திலுள்ள பிற கணினிகளோடு பகிர்வதை நிறுத்தலாம், பின்னணிப் பதிவிறக்கத்துக்கு வேக வரம்பும் வைக்கலாம். ஒன்டிரைவின் ஒத்திசைவு அமைப்பில் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு உண்டு. எந்த நிரல் இணைப்பை விழுங்குகிறது என்று தெரியாவிட்டால், ரிசோர்ஸ் மானிட்டரின் நெட்வொர்க் பகுதியில் அனுப்பும் அளவின்படி வரிசைப்படுத்தினால் பெயர் முதல் வரியில் தெரிந்துவிடும். படங்களின் காப்புப்பிரதியை இரவுக்குத் தள்ளிவைக்கும்படி வீட்டாரிடம் சொல்வது எந்த ரெஜிஸ்ட்ரி மாற்றத்தைவிடவும் பலன் தரும். பிரவுசரின் கேச்சை அடிக்கடி அழிப்பது, இதற்கு மாறாக, அடுத்த முறை எல்லாவற்றையும் புதிதாக இறக்கச் செய்து வேகத்தைக் குறைக்கவே உதவும்.

லேன் கேபிளில் நேரடியாக இணைத்த ஒரே கணினியில், மற்றக் கருவிகளையெல்லாம் துண்டித்துவிட்டு, காலையிலும் இரவு 9 மணிக்கும் சோதித்த பின்னும் திட்டத்தின் வேகம் வரவில்லையென்றால், வீட்டுக்குள் மாற்ற வேண்டியது எதுவும் மிச்சமில்லை. இரவில் மட்டும் குறைந்தால் நெரிசல் அந்த நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் குறைந்தால் திட்டத்தின் டேட்டா வரம்பு முடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்நேரமும் குறைவாக, அவ்வப்போது துண்டித்தும் போகிறதென்றால், ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஆப்டிகல் தகவல் என்ற பகுதியில் வந்துசேரும் ஒளியின் வலிமையைப் பாருங்கள். வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள ஜிபான் வகைக் கருவி, மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) அளவுக்குக் கீழே ஒளியைச் சரியாக வாசிக்கத் திணறும். அங்கே மைனஸ் 20 என்று இருந்தால் கவலையில்லை. மைனஸ் 26, 27 என்று இருந்தால், கம்பி எங்கேயோ மடங்கியிருக்கலாம், அல்லது இணைப்பு முனையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். புகார் பதியும்போது அந்த எண்ணையும், கேபிளில் எடுத்த சோதனை முடிவுகளையும் சேர்த்துச் சொன்னால், ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற வழக்கமான பதிலோடு பேச்சை முடிக்காமல், கம்பியைச் சரிபார்க்க ஆளை அனுப்பும்படி வலியுறுத்த முடியும்.